எந்த மரத்தின் கீழ்?



தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில், தானியேல் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுவதை ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். பாபிலோனிலே சிறைப்பட்டிருந்த யூத மக்கள் நடுவே சூசன்னா என்னும் உத்தமி ஒருத்தி வாழ்ந்தாள். முதியோர் இருவர், அதுவும் அவ்வாண்டின் நீதிபதிகள், அவள்மீது தீய எண்ணங் கொண்டனர். அவள் இணங்கவில்லை. உடனே, தோட்டத்திலே ஓர் இளைஞனோடு அவளைக் கண்டோம் என்று ஊர்ச் சபையிலே சாட்சி சொன்னார்கள். சபை நம்பிற்று. மரண தண்டனையும் விதித்தாயிற்று.

சபையோர் ஏன் நம்பினார்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். சொன்னவர்கள் பெரியவர்கள், சொன்னவர்களோ இருவர், சொன்ன கதையோ கேட்கச் சுவையானது. இம்மூன்றும் போதுமாயிருந்தன. அவளைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லும் வழியில் தானியேல் என்னும் இளைஞன் குரலெழுப்பினான். அந்த இருவரையும் பிரித்து வைத்து, ஒருவர் பதில் மற்றவர் காதில் விழாதபடி, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான்: அவர்களை எந்த மரத்தின் கீழ்க் கண்டீர்? ஒருவர் ஒரு மரத்தின் பெயரைச் சொன்னார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். பொய் அங்கேயே உடைந்து விழுந்தது. சூசன்னா உயிர் தப்பினாள்.

ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது. அக்கேள்வியை இன்று எமது வீடுகளில் யார் கேட்கிறார்கள் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

கேட்டவர் சொல்பவரானார்

இலங்கையிலே 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. 1979இல் தொலைக்காட்சி வந்தது; 1982இல் ரூபவாஹினி வந்தது. ஊரிலே ஒரு வீட்டில் வானொலி இருந்தால் அயலவரெல்லாம் அதன் முன்னே கூடிய காலத்தை எமது பெரியோர் இன்றும் நினைவு கூருவர். அந்நாட்களில் சொல்பவர் சிலர், கேட்பவர் பலர். சொல்பவரின் பெயரும் முகவரியும் எல்லாருக்கும் தெரியும். பத்திரிகையொன்றில் பிழையான செய்தி வந்தால், அச்சிட்டவரையும் ஆசிரியரையும் பிடித்துக் கேட்கலாம்.

அக்காலத்திலேதான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பர் 4ஆந் திகதி அது வெளியிட்ட முதலிரு ஏடுகளுள் ஒன்று, சமூகத் தொடர்பு சாதனங்களைப் பற்றியது. திருவழிபாடு பற்றிய ஏட்டோடு ஒரே நாளில் இதுவும் வெளிவந்தது என்றால், திருச்சபை இவ்விடயத்துக்கு அளித்த முக்கியத்துவம் விளங்கும். பத்திரிகை, சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகியன மனித குலத்துக்குப் பெரும் பயன் விளைக்க வல்லன என்று சங்கம் வரவேற்றது. எழுதுவோர்க்கும் ஒலிபரப்புவோர்க்கும் கடமைகளை வகுத்தது. வாசிப்பவர்க்கும் கேட்பவர்க்கும் பார்ப்பவர்க்குங்கூடக் கடமையுண்டு என்று அறிவுறுத்தியது. 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் காலத்தில் முதலாவது உலகத் தொடர்பு நாள் கொண்டாடப்பட்டது. 1971இல் வெளியான மற்றுமோர் ஏடு, இச்சாதனங்களின் நோக்கம் மனிதரிடையே ஒன்றிப்பும் முன்னேற்றமுமே என்று கற்பித்தது.

இப்போதனைகள் பழையனவாகிவிடவில்லை. ஆனால், அன்று கேட்பவனுக்கு இருந்த கடமை நல்லதைத் தெரிந்து அல்லதைத் தள்ளுவது. இன்றோ கேட்பவனே சொல்பவனாகவும் ஆகிவிட்டான். கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம் இருக்கிறது. ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்திலே, செய்திக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவே ஆசிரியனின் மேசை என்று ஒன்று உண்டு. வந்ததெல்லாம் அந்த மேசையைக் கடந்தே போக வேண்டும். உங்கள் கையிலுள்ள அச்சகத்துக்கு அத்தகைய மேசை கிடையாது. அங்கே இருக்க வேண்டியது உங்கள் மனச்சாட்சி ஒன்றே.

ஒரே கருவி, இரு பலன்

கருவியைக் குறை கூற நான் இதனை எழுதவில்லை. மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையிலே தேடிப் பிடித்துக் கேட்ட குடும்பங்கள் எம்மிடையே பல உண்டு. 1986 பெப்ரவரி 22ஆந் திகதி, அதே நிலையத்தின் வாயிலாகவே கர்தினால் செயிம் சின், பிலிப்பைன்ஸ் மக்களை மணிலாவின் பெருந்தெருவுக்கு அழைத்தார். ஆட்சியாளருக்கு எதிராக நின்ற படைவீரரைக் காக்கும்படியும், அவர்களுக்கு உணவு கொண்டு வரும்படியும் வேண்டினார். மக்கள் செபமாலையோடு வந்து தாங்கிகளின் முன்னே முழந்தாட்படியிட்டனர். நான்கே நாட்களில், பெரும் இரத்தக் களரியின்றி, ஒரு சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, மக்களுட் பெரும்பான்மையோர் கத்தோலிக்கராயிருந்த வேறொரு நாட்டில், அதே வானொலி என்னும் கருவி என்ன செய்தது? ஆபிரிக்காவின் ருவாண்டாவிலே 1993இல் தனியார் வானொலி ஒன்று ஆரம்பமாயிற்று. நல்ல பாட்டுக்களும் வேடிக்கைப் பேச்சுமாக அது மக்களைக் கவர்ந்தது. இடையிடையே துற்சி இனத்தவரைக் கரப்பான் பூச்சிகள் என்றது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபோது, கொல்லப்பட வேண்டியோரின் பெயர்களையும், ஒளிந்திருந்த இடங்களையும் அதே அறிவிப்பாளர்கள் வாசித்தனர். ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. கத்தி பிடித்தோரிற் பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், நற்கருணை உட்கொண்டவர்கள். 2003 டிசம்பரில் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஒன்று அவ்வானொலியை நிறுவியோரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. கத்தியைத் தொடாதவர்களும் சொல்லினாலே கொலைக்கு உடந்தையாகலாம் என்பதை உலகம் அன்று சட்டத்தின் மொழியிலே கேட்டது.

எமது மண்ணில்

ருவாண்டா தூர தேசம் என்று எண்ணி விடாதீர்கள். எமது நாட்டிலே நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றிலே ஒருவர் உண்ட கறியில் ஏதோ ஒரு கட்டி தென்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டிருக்கிறது என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சூழ்ந்து கொண்டது. கடையில் நின்றவர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவரத் தெரியாதவர். அச்சத்திலே அவர் திக்கித் திணறிச் சொன்ன பதிலை, குற்றத்தை ஒப்புக் கொண்டதாகப் படம் பிடித்து முகநூலிலே பரப்பினார்கள். கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். அது வெறும் மாக்கட்டி! அதற்குள் ஒரு வாரம் கடந்துவிட்டது. வேறொரு துயர நிகழ்வைத் தொடர்ந்து கண்டி மாவட்டத்தில் திகனைப் பகுதியிலே கலவரம் மூண்டபோது, அந்தப் பொய்யும் அத்தீக்கு விறகாயிற்று. எரிந்த வீட்டினுள் அகப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில், தனது தளம் அவ்வன்செயல்களுக்குப் பயன்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது.

அடுத்த ஆண்டு எமது முறை வந்தது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் அதிகமானோர் மாண்டனர். எமது தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கே தம் உறவுகளைப் பறிகொடுத்தன. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

அந்நாட்களிலே நடந்த இரண்டு காரியங்களை மறக்கலாகாது. தாக்குதல் பற்றிய எச்சரிக்கை அதிகாரிகளுக்கு முன்பே கிட்டியிருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, போய்ச் சேர வேண்டிய உண்மை மக்களைப் போய்ச் சேரவில்லை. ஆனால் பொய்கள் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. பொலிஸாரே தேடப்படுவோர் என வெளியிட்ட படங்களுள், அமெரிக்காவிலே வாழும் சம்பந்தமேயில்லாத ஒரு மாணவியின் படமும் இருந்தது. பொலிஸார் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்டனர். அதற்கிடையில் அப்படம் உலகெங்கும் பரவி, அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்து குவிந்தன.

உயிர்த்த ஞாயிறுக்குச் சரியாக மூன்று வாரம் கழித்து, மே 12ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, மேற்றிராசன நகராகிய சிலாபத்திலே ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் யாருக்கோ ஒரு பதில் எழுதினார். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழ நேரும் என்பது அதன் கருத்து. அரைகுறை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வரி, அடுத்த குண்டுத் தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று பொருள் கொள்ளப்பட்டு நகரெங்கும் பரவிற்று. கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் தீ பரவிற்று. கொட்டாரமுல்லையிலே ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி தன் வீட்டிலே வெட்டுண்டு இறந்தார். எந்தவொரு முஸ்லிம் சகோதரருக்கும் தீங்கு செய்யலாகாது என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதற்கு முன்பே கத்தோலிக்கரை வேண்டியிருந்தார். கல்லெறிந்த கை எம்மதத்தாருடையதாயினும், அக்கல்லை அக்கைக்கு எடுத்துக் கொடுத்தது ஒரு செய்தி. அச்செய்தியைக் கைமாற்றியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

தமிழர்களாகிய எமக்கு வதந்தியின் கொடுமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 ஜூலை 29ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர் என்ற ஒரு பொய் தலைநகரிலே பரவிற்று. ஓய்ந்து கொண்டிருந்த வெறி மீண்டும் கிளர்ந்து, அன்றைய தினம் மாத்திரம் எத்தனையோ தமிழுயிர்களைப் பலி கொண்டது. அப்போது கைத்தொலைபேசி இல்லை. வாயிலிருந்து வாய்க்கே அது பாய்ந்தது. அன்று சூசன்னாவின் இடத்தில் நின்றவர்கள் நாமே. அப்படியானால், இன்னொரு சமூகம் அந்த இடத்தில் நிற்கையில், கூட்டத்தோடு கூட்டமாக நாமும் தலையசைக்கலாமா?

ஒரு சொல்லின் மாற்றம்

மாற்கு நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் இயேசுவுக்கு எதிராகப் பொய்ச்சாட்சிகள் என்ன சொன்னார்கள்? தேவாலயத்தைத் தாம் இடித்துவிடுவதாக அவர் கூறினார் என்றார்கள். அருளப்பர் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்திலே அவர் உண்மையில் உரைத்ததைக் காண்கிறோம். அவர்கள் இடித்தால் தாம் மூன்று நாளில் எழுப்புவதாகச் சொன்னார். அதுவும் தம் உடலாகிய ஆலயத்தைக் குறித்தே சொன்னார். சாட்சிகள் முழுப் பொய்யைக் கட்டவில்லை. இடிப்பவர் யார் என்பதை மாத்திரம் மாற்றினார்கள். உண்மையிலே ஒரு துண்டை வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள். சிலாபத்துக் கடைக்காரரின் வரிக்கு நேர்ந்ததும் இதுவே. ஈராயிரம் ஆண்டுகளில் கருவி மாறியிருக்கிறது. பொய்யின் தந்திரம் மாறவில்லை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2018ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாள் செய்தியில், பொய்ச் செய்தியின் தொடக்கத்தை ஏதேன் தோட்டத்துச் சர்ப்பத்திடமே கண்டார். அதுவும் ஏவாளிடம் உண்மையும் பொய்யும் கலந்துதான் பேசிற்று.

பழைய ஏற்பாட்டிலே இன்னுமொரு சட்டமுண்டு. மரண தண்டனை பெற்றவன்மீது முதற் கல்லைச் சாட்சி சொன்னவனே எறிய வேண்டும் என்கிறது உபாகமம். காரணம் தெளிவு. நாவினால் சொல்லிவிட்டு, கூட்டத்தின் பின்னே மறைந்து கொள்ள எவனுக்கும் இடமில்லை. உன் சொல்லின் பாரத்தை உன் கை உணரட்டும் என்பதே அதன் கருத்து. நாம் ஒரு செய்தியை விரலால் தட்டி அனுப்பும்போது கல் எதுவும் கையில் கனப்பதில்லை. ஆகையினாலேதான் ஆபத்து அதிகம்.

‘நானா எழுதினேன்? வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதானே!’ என்பார் சிலர். எட்டாம் கட்டளை பொய்யை இட்டுக் கட்டுவதை மட்டுமா தடுக்கிறது? போதிய ஆதாரமின்றி அயலானின் குற்றத்தை நம்பிவிடுவது அவசரத் தீர்ப்பு. தக்க காரணமின்றி அவனுடைய குறையைப் பிறருக்கு வெளிப்படுத்துவது புறங்கூறல். உண்மைக்கு மாறானதைச் சொல்லி அவன் பெயரைக் கெடுப்பது அவதூறு. இம்மூன்றையும் பாவமென்றே திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அனுப்பியவன் சாட்சியாகிறான். பார்க்காததைப் பார்த்தவன் போல அனுப்பினால், அவன் பொய்ச்சாட்சியாகிறான்.

பொய் ஏன் விரைகிறது? அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் மூவர், ருவிற்றர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஒரு இலட்சத்து 26 ஆயிரம் செய்திகளை ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். மெய்ச் செய்தியிலும் பார்க்கப் பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் கூடியது என்று கண்டனர். அதற்குக் காரணம் இயந்திரங்களல்ல, மனிதரே என்றும் கண்டனர். புதுமையும் அதிர்ச்சியும் அருவருப்பும் எம்மை ஈர்க்கின்றன. மேலும், செய்தி வருவது யாரிடமிருந்து? வெளிநாட்டிலுள்ள மாமாவிடமிருந்து, பங்கு இளைஞர் குழுவிலிருந்து, கூடப் படித்த தோழியிடமிருந்து. அனுப்பியவர்மீது நாம் வைத்திருக்கும் அன்பையே செய்தியின் மெய்ம்மைக்குச் சான்றாக எடுத்துக் கொள்கிறோம். முதியோர் சொன்னார்கள் என்று நம்பிய சபையும் அப்படித்தான் ஏமாந்தது.

வீட்டில் செய்யத் தக்கவை

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளே, தானியேலின் கேள்வியை உங்கள் வீட்டு வழக்கமாக்குங்கள். ஒரு செய்தி வந்தவுடன் கேளுங்கள்: எந்த மரத்தின் கீழ்? கண்ணாலே கண்டவர் யார்? எந்த ஊரில், எந்த நாளில்? இந்தப் படம் இன்று எடுத்ததா, பழைய படமா? வட்ஸ்அப்பிலே பலமுறை கைமாறிய செய்தி அவ்வாறு கைமாறியது என்ற அடையாளத்தோடே வருகிறது. அதைக் கண்டால் ஒரு கணம் நில்லுங்கள். அத்தகைய செய்தியை ஒரே தடவையில் பலருக்கு அனுப்ப முடியாதபடி அந்நிறுவனமே 2020இல் கட்டுப்பாடு விதித்தது. வியாபார நிறுவனம் ஒன்று விதித்துக் கொண்ட கட்டுப்பாட்டைக் கிறிஸ்தவ உள்ளம் தனக்குத் தானே விதிக்க இயலாதா?

இரண்டாவது, தானியேல் சாட்சிகளைப் பிரித்து விசாரித்தான். ஒரே செய்தி பத்துக் குழுக்களில் வந்தால் அது பத்துச் சாட்சிகளல்ல. ஒரே வாயின் பத்து எதிரொலி. தமக்கென நிருபர்களும் பெயரும் பொறுப்பும் உள்ள இரு வேறு பத்திரிகைகளோ வானொலிகளோ அதனைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். முடியுமானால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதையும், அம்மொழி தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள். அம்பாறைச் சம்பவத்தில் நெருப்பு மூண்டது, ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காத இடத்திலேதான்.

மூன்றாவது, வேறு இனத்தையோ மதத்தையோ பற்றிய கடுஞ் செய்தி எதுவாயினும், அன்றிரவு குடும்பச் செபமாலை முடியும்வரை அனுப்பாதிருங்கள். செபித்த பின்பும், அச்சமூகத்தைச் சேர்ந்த உங்கள் அயலவர் ஒருவர் முன்னிலையில் அதனை வாய்விட்டு வாசிக்க உங்களால் இயலுமா என்று எண்ணிப் பாருங்கள். இயலாதென்றால் அதை அழித்துவிடுங்கள்.

நான்காவது, தவறானதை அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், சும்மா அழித்துவிட்டு மறைந்து கொள்வது போதாது. களவெடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்புப் பூரணமாகாது என்று சிறு வயதில் கற்றோம். அயலானின் நற்பெயரும் ஒரு பொருளே. எந்தக் குழுவுக்குப் பொய்யை அனுப்பினோமோ அதே குழுவுக்கு, ‘நான் அனுப்பியது தவறு, அதை நம்பாதீர்கள்’ என்று எழுதுவது பரிகாரமாகும். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கமே அடுத்த முறை விரலைத் தடுக்கும். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது நாவின் பாவங்களோடு விரலின் பாவங்களையும் ஆராய்ந்து பார்ப்போம்.

தானியேல் அன்று இளைஞன். பெரியவர்கள் எல்லாரும் தலையசைத்த சபையிலே எழுந்து நின்றான். இன்று இக்கருவிகளைப் பெற்றோரிலும் நன்கு அறிந்தவர்கள் எமது பிள்ளைகளே. ‘அப்பா, இது பழைய படம்’, ‘அம்மம்மா, இதை அனுப்பாதேங்கோ’ என்று பிள்ளை சொல்லும்போது, பெரியவரை எதிர்த்துப் பேசுகிறதே என்று அதட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் வாயிலாக ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கிறார்.

உயிர்ப்பின் அதிகாலையிலே இரு செய்திகள் எருசலேமிலிருந்து புறப்பட்டன. ஒன்று, சீடர்கள் உடலைத் திருடிச் சென்றனர் என்று காசு கொடுத்துப் பரப்பப்பட்ட செய்தி. மற்றையது, கல்லறையைக் கண்ணாலே கண்ட பெண்கள் ஓடோடிச் சென்று அறிவித்த செய்தி. எமது விசுவாசம் இரண்டாவது செய்தியின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே, அப்பெண்களைப் போல் கண்டதையே சொல்லவும், மெய்யென்று அறிந்ததையே அறிவிக்கவும், அயலானின் பெயரையும் உயிரையும் எம் சொல்லால் காக்கவும் வேண்டிய ஞானத்தை, வழியும் உண்மையும் உயிருமான ஆண்டவர் எமது குடும்பங்களுக்கு அருள்வாராக.